வீட்டுக்கும் உண்டு வாயுத் தொல்லை!

வாயுத் தொல்லை என்றால் என்ன என்று நம் வாசகிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மொச்சைக் கொட்டைக் குழம்பும் உருளைக்கிழங்கு வறுவலும் ஒரே வேளையில் உள்ளே போய், ராத்திரி வயிறு கடமுடா என்று சத்தம் போட்டால், மோரில் பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுக்கத் தெரியாத வீடு நம் பக்கத்தில் உண்டா? ஆனால் வீட்டுக்கே வாயுத் தொல்லை வரும் என்று சொன்னால் நம்புவீர்களா? லண்டனில் குளிர்காலம் ஆரம்பித்தால் வருகிறது. அதே கடமுடா சத்தம், அதே உப்புசம். வைத்தியமும் கிட்டத்தட்ட அதேதான்.

"நாங்கள் இருப்பது திருச்சியில். இங்கே மின்விசிறியை நிறுத்தினாலே வேர்க்கிறது. எங்களுக்கு எதற்கு லண்டன் வீட்டு ஹீட்டர் கதை?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! இன்றைக்கு மகளோ மருமகளோ வெளிநாட்டில் இல்லாத குடும்பம் எத்தனை? பிரசவம் பார்க்க என்று ஆறு மாத விசாவில் நவம்பரில் வந்து இறங்கும் அம்மாக்களை நான் இங்கே ஹாரோவிலும் வெம்பிளியிலும் வருஷா வருஷம் பார்க்கிறேன். வந்த நாலாம் நாள் அவர்கள் சொல்வது ஒன்றுதான்: "ரூம் சூடாவே ஆக மாட்டேங்குது." அதற்கு வீட்டில் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "உங்களுக்குக் குளிர் பழக்கமில்லை, அதான். இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோங்க."

பழக்கமில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதி வீடுகளில் அந்த அம்மா சொல்வது நிஜம். அறை உண்மையாகவே சூடாகவில்லை. காரணம், அந்த அறையின் ரேடியேட்டருக்குள் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க இன்ஜினீயர் வேண்டாம், மீட்டர் வேண்டாம். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற அதே கை போதும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

முதல் தடவை வருகிறவர்கள் ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைத் தகரப் பெட்டியைப் பார்த்து, கரண்டில் வேலை செய்கிறது என்று நினைத்துக் கிட்டே போகவே பயப்படுவார்கள். உள்ளே இருப்பது வெறும் தண்ணீர். சமையலறையிலோ மாடி அலமாரியிலோ பாய்லர் ஒன்று இருக்கும். பெரும்பாலான வீடுகளில் கேஸில் எரிவது. அது தண்ணீரைச் சூடாக்க, ஒரு பம்ப் அந்தத் தண்ணீரைக் குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் தள்ளுகிறது. ரேடியேட்டருக்குள் ஒரு பக்கம் நுழைந்து, தகட்டைச் சூடாக்கிவிட்டு, மறுபக்கம் வழியாகத் திரும்பவும் பாய்லருக்கே வந்துவிடும். உடம்பில் ரத்தம் சுற்றுகிற மாதிரி, அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. இதற்குத்தான் சென்ட்ரல் ஹீட்டிங் என்று பெயர்.

இந்த ஊர்க்காரர்களும் பரம்பரையாக இதை வைத்திருந்தவர்கள் அல்ல. முன்பெல்லாம் அறைக்கு அறை நிலக்கரி அடுப்புதான். 1952 டிசம்பரில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து லண்டனை மூடி, ஆயிரக்கணக்கானவர்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகு 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1967 முதல் 1977 வரை நாடு முழுவதும் வீட்டு அடுப்புகள் வடகடல் எரிவாயுவுக்கு மாற்றப்பட்டன. கேஸ் பாய்லரும் ரேடியேட்டரும் வீட்டுக்கு வீடு வந்தது அதையொட்டித்தான். ஹாரோ, டூட்டிங், ஈஸ்ட்ஹாம் என்று நம்மவர்கள் வாங்கியும் வாடகைக்கும் குடியிருக்கும் பழைய வீடுகளில், அந்த நாளில் போட்ட குழாய்கள் இன்னும் தரைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் தொல்லையும் அங்கே அதிகம்.

காற்று எங்கிருந்து வந்தது?

மூடிய குழாய்க்குள் காற்று எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். பால் காய்ச்சும்போது கவனித்ததைவிட, வெறும் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது கவனித்திருப்பீர்கள். கொதி வருவதற்கு வெகு முன்னாலேயே பாத்திரத்தின் ஓரமெல்லாம் சின்னச் சின்னக் குமிழ்கள் கட்டும். அது ஆவி அல்ல, தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருந்த காற்று. தண்ணீர் சூடாகச் சூடாக, காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சக்தி அதற்குக் குறைகிறது. ரேடியேட்டரிலும் இதேதான் நடக்கிறது. குமிழ்கள் ஒன்றுசேர்ந்து உயரமான இடமாகப் பார்த்துத் தங்கிவிடும். அதனால்தான் மாடி அறை ரேடியேட்டரிலும், குளியலறையில் துண்டு காயப்போடும் ஏணி மாதிரிக் கம்பியிலும் காற்றுத் தொல்லை முதலில் தெரியும்.

யாராவது பிளம்பர் வந்து தண்ணீரை வடித்துவிட்டு வேலை செய்து, திரும்பவும் நிரப்பினாலும் காற்று புகும். அப்படி ஒரு தடவை, இரண்டு தடவை வருவது சகஜம். பயப்பட ஒன்றுமில்லை. வேறு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, எங்கேயோ கசிவு. இன்னொன்று, ரேடியேட்டர் உள்ளுக்குள் துருப்பிடிப்பது. அந்த இரண்டையும் பின்னால் சொல்கிறேன். முக்கியமான விஷயமே அங்கேதான் இருக்கிறது.

கை வைத்தே கண்டுபிடிக்கலாம்

ஹீட்டிங்கைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். பிறகு அறை அறையாகப் போய், ஒவ்வொரு ரேடியேட்டரையும் மேலே, நடுவில், கீழே என்று தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுடும், அதனால் முதலில் புறங்கையால் லேசாகத் தொடுங்கள்.

மேலே சில்லென்றும் கீழே சூடாகவும் இருந்தால், அது காற்று. தண்ணீர் கனமானது, கீழே நிற்கிறது. காற்று லேசானது, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு, தண்ணீரை அந்த இடத்துக்கு வரவிடாமல் தடுக்கிறது. காதை வைத்துக் கேட்டால் களகளவென்று குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கூடக் கேட்கும்.

மேலே சூடாகவும் கீழே நடுப்பகுதியில் சில்லென்றும் இருந்தால், காற்று இல்லை, சேறு. இரும்புத் துரு கறுப்பு வண்டலாக அடியில் படிந்திருக்கிறது. காற்றைத் திறந்துவிட்டால் இது போகாது. பிளம்பர் கழற்றிக் கழுவ வேண்டும், அல்லது முழு அமைப்பையும் மெஷின் வைத்து அலச வேண்டும்.

ஒரே ஒரு ரேடியேட்டர் மட்டும் மேலிருந்து கீழ்வரை முழுசாகச் சில்லென்று, மற்றதெல்லாம் சூடாக இருந்தால், முதலில் வால்வைப் பாருங்கள். ஒரு ஓரத்தில் 1, 2, 3 என்று எண் போட்ட திருகு இருக்கும். அது மூடியிருக்கலாம். திறந்தும் சூடு வரவில்லையென்றால், அதன் தலைக்குள் இருக்கும் சின்ன ஊசி, கோடை முழுக்கச் சும்மா இருந்ததில் ஒட்டிக்கொண்டிருக்கும். தலையைத் திருகிக் கழற்றி, ஊசியை மெதுவாக அழுத்தினால், அழுந்தி மேலே எழும்ப வேண்டும். அப்படி எழும்பாவிட்டால் இடுக்கியால் பிடித்து இழுக்காதீர்கள். ஊசி கையோடு வந்து, தண்ணீர் பீச்சியடிக்கும். பிளம்பருக்கு விட்டுவிடுங்கள்.

மாடி முழுக்கச் சில்லென்று, கீழ்த்தளம் முழுக்கச் சூடாக இருந்தால், அமைப்பில் தண்ணீரே குறைந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். எல்லா ரேடியேட்டரும் சில்லென்றிருந்தால், பாய்லர், பம்ப் அல்லது நேரம் வைக்கும் கடிகாரம். அதற்கும் காற்றடைப்புக்கும் நேர் சம்பந்தம் இருக்க வேண்டுமென்பதில்லை. பாய்லரே கெட்டில் கொதிக்கிற மாதிரி இரைந்தால், உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கலாம். லண்டன் தண்ணீர் உப்புத் தண்ணீரைப் போலக் கடினமானது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் எத்தனை டிகிரி என்று காட்டும் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் கீழே ஹாலிலோ நடையிலோ இருக்கும். அது தன் பக்கத்துச் சூட்டைத்தான் காட்டும். "இருபது காட்டுதே, அப்புறம் எப்படிக் குளிரும்?" என்று பெண் கேட்பாள். ஹாலில் இருபது, பின்பக்க மாடி அறையில் பதினான்கு என்று இருந்தால் தெர்மோஸ்டாட்டுக்கு எப்படித் தெரியும்? கடையில் ஒரு சின்ன அறை வெப்பமானியை வாங்கி, பெரியவர்கள் படுக்கும் அறையில் வைத்துவிடுங்கள். வாக்குவாதம் அன்றோடு தீரும். ஹாலில் தெர்மோஸ்டாட்டைக் கூட்டி வைத்தால் ஹால்தான் புழுங்கும், காற்று அடைத்த அறைக்கு ஒன்றும் வராது. கேஸ் பில் மட்டும் ஏறும். 2022-ல் உக்ரேன் போருக்குப் பிறகு எரிவாயு விலை ஏறியதிலிருந்து, இங்கே எந்த வீட்டிலும் பில் சின்ன விஷயம் இல்லை.

காற்றை வெளியேற்றும் முறை

இதை இங்கே 'ப்ளீட்' பண்ணுவது என்பார்கள். வேண்டியவை: ரேடியேட்டர் சாவி ஒன்று, பழைய துணி ஒன்று, ஒரு கிண்ணம். சாவி ஹார்ட்வேர் கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். சில புது ரேடியேட்டர்களுக்கு ஸ்குரூ டிரைவரே போதும்.

1. ஹீட்டிங்கை அணைத்துவிட்டு, ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் வெந்நீர் கையில் தெறிக்கும். பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் வெளிக்காற்று உள்ளே போகவும் வாய்ப்புண்டு.

2. கீழ்த்தளத்தில் ஆரம்பித்து மாடிக்குப் போங்கள்.

3. ரேடியேட்டரின் மேல் மூலையில், ஒரு ஓரத்தில், சதுர முனையோடு சின்னத் திருகு இருக்கும். கீழே கிண்ணத்தைப் பிடித்து, துணியைச் சுற்றிக்கொண்டு, சாவியைப் பொருத்தி, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்ப்பக்கமாகக் கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று திருப்புங்கள். அதற்கு மேல் வேண்டாம். திருகு முழுசாகக் கழன்று வந்தால் தண்ணீரை நிறுத்துவது பெரும்பாடு.

4. 'உஸ்ஸ்' என்று, குக்கர் ஆவி அடங்குகிற மாதிரிச் சத்தம் வரும். அதுதான் அடைபட்ட காற்று. அப்படியே பொறுமையாக இருங்கள்.

5. சத்தம் நின்று தண்ணீர் சொட்ட ஆரம்பித்ததும் மூடிவிடுங்கள். அளவாக இறுக்கினால் போதும், முரட்டு பலம் வேண்டாம். தண்ணீர் கறுப்பாக வந்தால் கம்பளத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கறை போகாது.

ஒரு எச்சரிக்கை. இதைச் செய்யும்போது பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி எதுவும் எரியக் கூடாது. வருவது காற்றாகவும் இருக்கலாம், துருப்பிடிப்பதால் உண்டான ஹைட்ரஜன் வாயுவாகவும் இருக்கலாம். ஹைட்ரஜன் தீப்பிடிக்கும்.

அடுக்குமாடிக் கட்டடத்தில், எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஹீட்டிங் என்றால், நிர்வாகத்திடம் சொல்லாமல் திறக்காதீர்கள்.

முள் சொல்லும் சேதி

காற்று வெளியே போனால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வேண்டுமல்லவா? இதில்தான் இரண்டு வகை வீடுகள் உண்டு.

பாய்லரிலோ அதன் அடியிலோ முள்ளோடு ஒரு கேஜ் இருந்தால், அது மூடிய அமைப்பு. ஆறியிருக்கும்போது முள் சாதாரணமாக 1-க்கும் 1.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். கணக்கு 'பார்' என்ற அளவில். சூடானதும் கொஞ்சம் ஏறும், அது இயற்கை. காற்றை விட்ட பிறகு 1-க்குக் கீழே இறங்கியிருந்தால், பாய்லரோடு கொடுத்த புத்தகத்தில் சொன்னபடி, வெள்ளிப் பின்னல் போட்ட சின்னக் குழாயின் குழாய்த் திருகுகளை மெதுவாகத் திறந்து, முள் ஏறியதும் இரண்டையும் மூடிவிட வேண்டும். சில பாய்லரில் ஒரே ஒரு நெம்புகோல் இருக்கும். அளவுக்கு மிஞ்சி ஏற்றினால், 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து வெளிச்சுவர்க் குழாய் வழியாகத் தண்ணீரைக் கொட்டிவிடும்.

முள் எதுவும் இல்லாமல், பரண் மேல் இரண்டு தொட்டிகள் இருந்தால், அது பழைய திறந்த அமைப்பு. சின்னத் தொட்டிதான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொடுப்பது. அதன் மிதவை ஒட்டிக்கொண்டால் தொட்டி வறண்டுபோகும். மாடி ரேடியேட்டரைத் திறந்தாலும் சத்தமும் வராது, தண்ணீரும் வராது. அப்படியானால் உடனே மூடிவிட்டு, பரணுக்கு ஆளை ஏற்றிப் பாருங்கள். அந்தச் சின்னத் தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலோ, பரணில் ஆவி அடித்தாலோ, கை வைக்காமல் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

திரும்பத் திரும்ப வந்தால்...

வயிற்றுக்கு வருவோம். என்றோ ஒரு நாள் வாயு என்றால் பெருங்காயம் போதும். வாரா வாரம் வந்தால்? அப்போதும் பெருங்காயத்தையே கொடுத்துக்கொண்டிருப்பது வைத்தியமா? என்ன கோளாறு என்று பார்க்க வேண்டாமா? வீட்டுக்கும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை காற்று விடுவது பராமரிப்பு. மாதத்துக்கு இரண்டு தடவை விட வேண்டி வந்தால், காற்று வியாதி அல்ல, வியாதியின் அறிகுறி.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்தது இது. சின்னப் பெண், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். தலைப்பிரசவத்துக்காகக் கும்பகோணத்திலிருந்து அவள் அம்மா வந்திருந்தார். பின்பக்க மாடி அறைதான் அம்மாவுக்கும், பிறந்த பிறகு குழந்தைக்கும். "ஏன்டி, இந்தப் பெட்டிக்கு உசிரு இருக்கா இல்லையா?" என்று அம்மா கேட்க, "ஹால்ல இருபது காட்டுதும்மா. உனக்குப் பழக்கமில்லை" என்று பெண் சொல்ல, பத்து நாள் இப்படியே போயிருக்கிறது. அம்மாவுக்கு இருமல். குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த வாரம் நான் பார்க்கப் போனேன். பேசிக்கொண்டே ரேடியேட்டரில் கை வைத்தேன். கீழே சூடு, மேலே பச்சைத் தண்ணீர். காற்றை விட்டதும் ஒரு மணி நேரத்தில் அறை கதகதப்பாகிவிட்டது. அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஆனால் இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே கதை. வீட்டுக்காரர் ஏற்பாடு செய்த ரிப்பேர்காரர் வந்தார். காற்றை விட்டார், தண்ணீரை ஏற்றினார், பணம் வாங்கிக்கொண்டு போனார். திரும்பவும் வந்தார். மூன்றாம் தடவையும் அதேதான். "பழைய வீடு, அப்படித்தான் இருக்கும்" என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

அம்மா சும்மா இருக்கவில்லை. அவருக்கு இங்கிலீஷ் பேச வராதே தவிர, கண் இருக்கிறது. காலையில் ஹீட்டிங் போடுவதற்கு முன்னால் பாய்லர் முள்ளைப் பார்த்து, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி வைத்தார். 1.4, 1.3, 1.2, 1.0, 0.8. யாரும் காற்றை விடாத நாட்களிலேயே முள் இறங்கிக்கொண்டிருந்தது! "தண்ணி எங்கயோ போகுதுடி. மூடின பாத்திரத்துல தண்ணி குறையுமா?" என்றார். ரேடியேட்டர் ஒன்றின் கீழும் ஈரம் இல்லை. அப்புறம் அவரே இன்னொன்றும் சொன்னார். சமையலறையில் வெறுங்காலோடு நிற்கும்போது, அலமாரிக்கு முன்னால் ஒரு ஓடு மட்டும் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதாம். குளிருக்கு இதமாக இருக்கிறதென்று அங்கேயே நின்று காய்கறி நறுக்குவாராம். வீட்டிலே மற்றவர்கள் எல்லாரும் செருப்புப் போட்டு நடக்கிறவர்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இந்தச் சீட்டையும் சூடான ஓட்டையும் காட்டி, வேறொரு பிளம்பரை வரவழைத்தார்கள். தரையைத் தோண்டினால், சிமென்டுக்குள் உறை இல்லாமல் புதைத்த செப்புக் குழாய் அரித்துப்போய், ஊசித் துளை விழுந்திருந்தது. வெந்நீர் அதன் வழியாகத் தரைக்குள் போய்க்கொண்டிருந்தது. போன தண்ணீருக்குப் பதிலாக ஒவ்வொரு தடவையும் ஏற்றிய புதுத் தண்ணீர், தன்னோடு புதுக் காற்றையும் கொண்டுவந்தது. காற்று வந்ததால் துரு, துரு வந்ததால் சேறு. இன்னும் ஒரு குளிர்காலம் விட்டிருந்தால் ரேடியேட்டர்களும் சேர்ந்து போயிருக்கும் என்றார் அந்த மனிதர். குழாயை மாற்றிய பிறகு, அந்தக் குளிர்காலம் முடியும்வரை சாவியை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, காற்று அடிக்கடி வந்தால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். காற்று விடாத நாட்களிலும் முள் இறங்குகிறதென்றால், கசிவு. ரேடியேட்டர் மூட்டுகள், வால்வின் அடி, கம்பளத்தின் ஓரம், கூரையில் பழுப்பு வட்டம், வெளிச்சுவரில் பாய்லர்க் குழாய் சொட்டுகிறதா என்று எல்லாவற்றையும் பாருங்கள். சூடாகும்போது முள் கிடுகிடுவென்று ஏறி, ஆறினதும் சுருண்டு விழுந்தால், பாய்லரோடு இருக்கும் விரிவுக் கலத்தில் காற்றழுத்தம் போயிருக்கலாம். அது மெக்கானிக் வேலை. முள் அசையாமல் நிற்கிறது, ஆனாலும் ரேடியேட்டரில் வாயு சேர்கிறது, தண்ணீர் மசி மாதிரிக் கறுப்பாக வருகிறது என்றால், உள்ளே துரு வேலை செய்கிறது. அதற்குத் துருத் தடுப்பு மருந்து தண்ணீரில் கலக்க வேண்டும், தேவையானால் அலச வேண்டும். பிளம்பரிடம் "காற்று வருகிறது" என்று மட்டும் சொன்னால் காற்றை விட்டுவிட்டுப் போவார். தேதி போட்டு எழுதிய சீட்டைக் காட்டினால் காரணத்தைத் தேடுவார்.

இதில் மட்டும் கை வைக்காதீர்கள்

ரேடியேட்டரில் காற்று விடுவது நம் வேலை. பாய்லரின் மூடியைத் திறப்பது நம் வேலை இல்லை. வீட்டுக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் வேலையும் இல்லை. கேஸ் வேலைக்கு, 2009 முதல் இங்கே நடைமுறையில் இருக்கும் 'கேஸ் ஸேஃப் ரெஜிஸ்டர்' பதிவு பெற்றவர்தான் வர வேண்டும். போட்டோவோடு அட்டை வைத்திருப்பார். திருப்பிப் பார்த்தால் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

பாய்லர் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு வரும். நிறமில்லை, மணமில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று ஆரம்பித்து உயிருக்கே உலை வைக்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலித்து, வெளியே போனால் சரியானால், உடனே பாய்லரை அணைத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியேறிவிடுங்கள். கேஸ் வாடை அடித்தாலும், இந்தச் சந்தேகம் வந்தாலும் கூப்பிட வேண்டிய அவசர எண் 0800 111 999. அதற்கென்று விற்கும் அலாரம் ஒன்றும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "கேட்டால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வாரோ" என்று பயந்து குளிரில் நடுங்க வேண்டாம். ஹீட்டிங்கைப் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை என்று 1985-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் சாதனங்களைப் பரிசோதிக்க வேண்டியதும் அவரே. வாயால் சொன்னதோடு நிற்காமல் எழுதிக் கொடுங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும்.

அந்த அறையில் இருப்பது யார்?

இத்தனையும் ஏன் சொல்கிறேன் என்றால், வீட்டில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு, பகல் முழுக்க அந்தச் சில்லென்ற அறையில் இருப்பவர்கள் பெரியவர்களும் கைக்குழந்தையும்தான். குளிர்நாட்டு வீடுகளில் அறை வெப்பம் 18 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லியிருக்கிறது. வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். குளிரில் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வரும். சூடாகாத அறையில் சுவர் ஈரம் கோத்து, கரும்பூஞ்சையும் பிடிக்கும். அது நெஞ்சுக்கு இன்னொரு கேடு. ஈரத் துணிகளை ரேடியேட்டர் மேல் காயப்போடாதீர்கள். சோபாவை அதை ஒட்டிப் போட்டு மறைக்காதீர்கள்.

இங்கே அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளி வைப்பார்கள். தீபாவளியும் அதையொட்டித்தான் வரும். பட்சணத்துக்கு எண்ணெய் வாங்கும் லிஸ்டிலேயே "ரேடியேட்டர் பார்க்கணும்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். ஊரிலிருந்து அம்மா வருவதற்கு முன்னால், அவர் படுக்கப்போகும் அறையை முதலில் தொட்டுப் பாருங்கள்.

வந்திருக்கும் அம்மாக்களே, உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பெண் வீடாயிற்றே, மாப்பிள்ளை என்ன நினைப்பாரோ என்று வாயை மூடிக்கொண்டு கம்பளிக்குள் சுருண்டு கிடக்காதீர்கள். "மேலே சில்லுன்னு இருக்கு, கீழே சுடுது" என்று எந்த இடம் எப்படி இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். சும்மா "குளிருது" என்றால் ஸ்வெட்டர்தான் வரும். இப்படிச் சொன்னால் சாவி வரும்.